மூன்றாவது புள்ளி

அன்புள்ள ஐயா,

நான் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கவிருக்கும் மாணவி. முதுகெலும்பாக மாறவிருக்கும் கண்டம் ஒன்று உருவாக எலிக் கருவில் ஏறத்தாழ இரண்டு மணி நேரமும் மனிதக் கருவில் ஐந்து மணி நேரமும் ஆகின்றன. சிறிய விலங்கின் செல்களில் வளர்சிதை மாற்றம் வேகமாக நடப்பதே காரணம் என்று படித்தேன். அப்படியானால் இவ்விரண்டையும் ஒப்பிட்டால் போதாதா? காண்டாமிருகத்தின் செல்களையெல்லாம் வளர்த்துப் பார்ப்பது ஆடம்பரமாகத் தோன்றுகிறது. நான் வளர்சிதை மாற்றத்தை எடுப்பதா, மரபியலை எடுப்பதா?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

சில வாரங்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எந்தத் துறை என்பதை உங்கள் நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைச் சீண்டியது ‘போதாதா’ என்ற சொல்.

போதாது. இரண்டு புள்ளிகளை இணைத்தால் எப்போதும் நேர்கோடுதான் வரும். எடை, ஆயுள், கர்ப்பகாலம் என எதை எடுத்தாலும் எலியும் மனிதனும் வேறுபடுவதால், அவற்றில் எதை வேண்டுமானாலும் காரணமாக நிறுத்திவிடலாம். 2023இல் வந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படித்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஹார்வர்டில் ஒலிவியே பூர்க்கியேயின் குழு, நிறைக்கு நிறை கணக்கிட்டால் எலிச் செல்களின் வளர்சிதை வேகம் மனிதச் செல்களுடையதைவிட அதிகம் என்று கண்டது; செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் எலக்ட்ரான் கடத்தலைத் தடுத்தபோது, கண்டங்கள் உருவாகும் தாளத்தை அமைக்கும் கண்டக் கடிகாரம் மெதுவானது. மூச்சை அடைத்தால் எந்த ஓட்டக்காரனும் பின்தங்குவான். இருவரின் வேகம் வேறுபடுவதற்கு மூச்சே காரணம் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியுமா? வளர்சிதை மாற்றத்தின் சமநிலையை மாற்றும் ஒரு பாக்டீரிய நொதியை அதே குழு புகுத்தியதும் மனிதச் செல்கள் வேகமெடுத்தன என்பதை மட்டும் அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

பார்சிலோனாவில் மிகி எபிசுயாவின் குழு முயல், மாடு, காண்டாமிருகம், மார்மோசெட் குரங்கு ஆகியவற்றையும் சேர்த்து ஆறு இனங்களின் செல்களை ஒப்பிட்டது. சின்னஞ்சிறு மார்மோசெட்டுக்குக் கடிகாரத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ ஆறரை மணி நேரம்; டன் கணக்கில் எடையுள்ள காண்டாமிருகத்துக்கு நான்கு. சிறியது வேகமானது என்ற உங்கள் விதியை உடைத்தது நீங்கள் ஆடம்பரம் என்று ஒதுக்கிய அந்த விலங்குதான். வளர்சிதை வேகத்துக்கும் சுற்றின் நீளத்துக்கும் அங்கே தெளிவான தொடர்பு தென்படவில்லை. ஒத்துப்போனவை, இக்கடிகாரத்தை ஓட்டும் ஹெஸ்7 மரபணுவின் வினைகள் நடக்கும் வேகமும் கருவளர்ச்சிக் காலத்தின் நீளமும்.

கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள் வயதில் நானும் இதே தவற்றைச் செய்தவன் என்பதால் வந்த கோபம் இது. கோழிமுட்டையின் ஓட்டில் சிறிய ஜன்னல் வெட்டி, கருவுக்கு அடியில் இந்திய மையைச் செலுத்தினால், கறுப்புப் பின்னணியில் கண்டங்கள் வெண்மணிகளாக இரு வரிசையில் தெரியும். பதினாறு இணைகளை எண்ணினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது பதினேழு. பாடநூல் சொல்லும் 90 நிமிடங்கள் அப்படியே வந்துவிட்ட பெருமிதத்தில் நோட்டை மூடினேன். ஆசிரியை அதைத் திறந்து, “இன்னொரு முறை பாருங்கள்” என்று மட்டும் சொன்னார். மேலும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். பதினெட்டாவது இணை தோன்றியிருக்கவில்லை. ஜன்னலை டேப் ஒட்டி மூடாமல் மேசையிலேயே விட்டிருந்தேன். முட்டை ஆறிப்போயிருந்தது.