மூழ்கடிச்சவனே காப்பாத்தின கதை (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

லூசிடானியாங்கற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்சதப் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். 1915ல ஒரே டார்பிடோ, 18 நிமிஷத்துல கப்பல் காலி, கிட்டத்தட்ட 1,200 பேர் போயிட்டாங்க, அடிச்சவன் பெரிஸ்கோப்ல பாத்துட்டு கிளம்பிட்டான். எந்த நீர்மூழ்கியாவது தான் அடிச்ச கப்பல்ல இருந்தவங்கள காப்பாத்தியிருக்கா? இதுக்கெல்லாம் சட்டமே கிடையாதா?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

காப்பாத்தியிருக்கு. அதுக்குக் கிடைச்ச பலனத்தான் நீங்க கேக்கணும்.

1942 செப்டம்பர் 12 ராத்திரி, மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் அட்லாண்டிக்ல, லகோனியான்னு ஒரு பிரிட்டிஷ் கப்பல். குனார்டு கம்பெனியோட பழைய பயணிகள் கப்பல்தான், யுத்தத்துக்காக பீரங்கி வச்சு படை ஏத்துற கப்பலா மாத்தியிருந்தாங்க. உள்ள சுமார் 2,700 பேர், அதுல 1,800 பேரு இத்தாலிய போர்க்கைதிங்க, கீழ்த்தளத்துல பூட்டி வச்சிருந்தாங்க, பொம்பளைங்க குழந்தைங்களும் உண்டு. யு-156ங்கற ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ விட்டு அடிச்சிட்டு மேல வந்து பாத்தா தண்ணிக்குள்ளருந்து இத்தாலியன்ல கத்துறாங்க! இத்தாலி அப்ப ஜெர்மனியோட கூட்டாளி. நீர்மூழ்கியோட கமாண்டர் ஹார்டன்ஸ்டைன் உடனே தூக்க ஆரம்பிச்சது அதனாலதான், அவர மகான் ஆக்கிட வேணாம். ஆனா தூக்க ஆரம்பிச்சப்புறம் எந்த நாட்டுக்காரன்னு பாக்கல.

மறுநாள் காலையில செஞ்சதுதான் பெரிய விஷயம். சங்கேதம் எதுவும் இல்லாம, எதிரிக்கும் புரியற மாதிரி இங்கிலீஷ்லயே ரேடியோவுல சொல்றார்: நான் இருக்கற இடம் இது, 193 பேர தூக்கியிருக்கேன், என்னைத் தாக்கலன்னா உதவிக்கு வர்ற கப்பல நானும் தாக்க மாட்டேன். ஒளிஞ்சிருக்கறதுதான் நீர்மூழ்கிக்கு உயிரே, அதையே விட்டுக்கொடுத்துட்டார்.

16ஆம் தேதி, யு-156 உயிர்காப்புப் படகுகள கயிறு கட்டி இழுத்துட்டிருக்கு, மேல செஞ்சிலுவைக் கொடி விரிச்சிருக்கு, அசென்ஷன் தீவுலருந்து லிபரேட்டர்ங்கற ஒரு அமெரிக்க குண்டுவீச்சு விமானம் வந்து பாத்துட்டு, என்ன பண்ணட்டும்னு தளத்த கேட்டா, மூழ்கடின்னு பதில். ஒரு குண்டு படகுகளுக்கு நடுவுலயே விழுந்துச்சு. ஹார்டன்ஸ்டைன் கயித்த வெட்டிவிட்டு, மேல இருந்தவங்கள தண்ணில இறக்கிட்டு மூழ்கிட்டார். அப்புறம் மேற்கு ஆப்பிரிக்காவுலருந்து வந்த பிரெஞ்சு கப்பல்கள் ஆயிரம் பேர் வரைக்கும் தூக்கினாங்க. கண்ணுல படாத ஒரு படகு 27 நாள் மிதந்து ஆப்பிரிக்கா கரைக்குப் போச்சு, ஏறினது 68 பேர், உயிரோட இறங்கினது 16. தளபதிங்க கணக்குல இவங்கெல்லாம் எங்க வர்றாங்கன்னு தெரியல!

குண்டு விழுந்த மறுநாளே, 17ஆம் தேதி, ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் அட்மிரல் டோனிட்ஸ் உத்தரவு: மூழ்கற கப்பல் ஆளுங்கள இனி யாரும் காப்பாத்தக் கூடாது.

சட்டம் கேட்டீங்கல்ல, இருந்துச்சு. 1936 லண்டன் ஒப்பந்தம், வணிகக் கப்பல மூழ்கடிக்கறதுக்கு முன்னாடி ஆளுங்கள பத்திரமான இடத்துல விடணும்னு சொல்லுது, ஜெர்மனியும் ஒத்துக்கிச்சு. யுத்தம் முடிஞ்சு நியூரம்பர்க்ல நடந்த போர்க்குற்ற விசாரணையில டோனிட்ஸ் மேல இந்த உத்தரவையும் வச்சுத்தான் வழக்கு. ஆனா அவரோட வக்கீல் யுத்தத்துல அமெரிக்க பசிபிக் கடற்படைய நடத்தின அட்மிரல் நிமிட்ஸ்கிட்டயே எழுத்துமூலமா கேட்டார், அவரும் பசிபிக்ல நாங்களும் முதல் நாள்லருந்தே எச்சரிக்காமத்தான் அடிச்சோம்னு பதில் கொடுத்துட்டார். கோர்ட்டு டோனிட்ஸுக்கு வேற குற்றத்துக்காக 10 வருஷம் போட்டுச்சு, நீர்மூழ்கி விதிய மீறினத மட்டும் தண்டனைக் கணக்குல சேக்கல.