நோட்டீஸ் வந்ததற்கே சிறையா?

குளிர்பெட்டிக்கு வெப்பநிலைப் பதிவு இல்லை, லேபிளில் வேர்க்கடலை குறிப்பிடவில்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், சிறைக்குப் போக வேண்டி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதறாதீர்கள். இதற்கெல்லாம் பல நாடுகளில் முதலில் வருவது திருத்தச் சொல்லும் நோட்டீஸ்தான், கெடுவுக்குள் சரிசெய்யாவிட்டால்தான் அபராதம், அப்புறம் உரிமம் நிறுத்தம் என்று போகும். ஆனால் லேபிளை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத ஒருவர் அதைச் சாப்பிட்டு உயிருக்கு ஆபத்தானால் வழக்கின் கனமே மாறிவிடும், "பணியாள் செய்தது, எனக்குத் தெரியாது" என்பது பெரும்பாலும் எடுபடாது. அந்தச் சரக்கை இன்றைக்கே விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வெப்பநிலைக்கு ஒரு நோட்டுப் போட்டு காலையும் மாலையும் எழுதுங்கள், 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. விட்டுப்போன நாட்களை மட்டும் இப்போது உட்கார்ந்து ஒரே பேனாவில் நிரப்பிவிடாதீர்கள் (பார்த்த உடனே தெரிந்துவிடும்), குறையாக இருந்தது மோசடியாகிவிடும். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பார்னெல் என்ற வேர்க்கடலை நிறுவன முதலாளிக்கு 2015-இல் 28 ஆண்டு சிறை கொடுத்தார்கள், கிருமி இருப்பது தெரிந்தே சரக்கை அனுப்பியதற்கும் பொய்ப் பரிசோதனைச் சான்றிதழுக்கும்.

சரி, நோட்டீஸில் மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.