புறாக்களை ஏன் கொடுத்தான் என்று கேட்டீர்களா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். தற்கொலைத் தடுப்பு உதவி எண்கள் எப்படித் தொடங்கின என்று எங்கள் மகளிர் குழுவில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஓர் அமைப்பில் தொண்டராகச் சேரவும் ஆசை. எனக்குத் தகுதி உண்டா? வீட்டில் கவலை இல்லை. நீட் தேர்வில் இரண்டு தடவை தவறிய மகன் இப்போது அமைதியாகிவிட்டான். ஆசையாக வளர்த்த புறாக்களைக்கூடக் கூண்டோடு பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டான். படிப்பில் கவனம் வந்ததில் எனக்குச் சந்தோஷம். அவன் அப்பாதான் ‘பாஸ் பண்ணினால் பேசுகிறேன்’ என்று இருக்கிறார்.

பதில்: அம்மணி, போகிற போக்கில் எழுதிய அந்தப் புறா விஷயத்துக்குத்தான் என் பதில். புறா வளர்க்கிற பையன்களை எனக்குத் தெரியும். எழுந்ததும் பல்கூட விளக்காமல் மாடிக்கு ஓடி, தானியம் போட்டு, தண்ணீர் மாற்றி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து இறக்கையை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அப்படிப்பட்டவன் கூண்டோடு தூக்கிக் கொடுத்திருக்கிறான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? உயிராய் வைத்திருந்ததை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவதும், தவித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாவதும் தற்கொலை எண்ணத்தின் அபாய அறிகுறிகளாக இருக்கலாம். உங்கள் மகன் அந்த எண்ணத்தில்தான் இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சரி, நீங்கள் கேட்ட வரலாறு. 1935-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஒரு 14 வயதுப் பெண்ணை அடக்கம் செய்தார். வயதுக்கு வந்ததை ஏதோ கெட்ட நோய் என்று நினைத்துப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்டவள் அவள். 1953 நவம்பரில் அவர் லண்டனில் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியோடு உட்கார்ந்தார். ஆலோசனை சொல்வது தன் வேலை, காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துப் பக்கத்தில் இருப்பது தொண்டர்கள் வேலை என்று ஏற்பாடு. நடந்ததோ வேறு. பலர் டீ கொடுத்தவர்களிடமே மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்கள். 1954 பிப்ரவரியில் அவர் அந்தப் பொறுப்பைத் தொண்டர்களிடமே விட்டுவிட்டார். சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்பு உதவி அமைப்பு அப்படி வளர்ந்ததுதான். 1986-ல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ஸ்னேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கும் தொண்டர்கள்தான் முதுகெலும்பு. புத்தி சொல்லாமல், குற்றம் கண்டுபிடிக்காமல் கேட்பதுதான் அவர்கள் வேலை.

தகுதி கேட்டீர்களே, இதுதான் தகுதி. பட்டம் தேவையில்லை. ஆனால் உங்கள் வீட்டு மாடிக்கு அந்த டீயை யார் கொண்டுபோவது?

உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். பெற்ற பிள்ளையிடம் பேச மார்க் ஒரு நிபந்தனையா? பிள்ளைகள் பெரியவர்கள் சொல் கேட்டு நடக்க வேண்டும் என்று நம்புகிறவள்தான் நான். ஆனால் கடமை பெரியவர்களிடமிருந்து தொடங்குகிறது. ஃபீஸ் கட்டியதோடு அப்பாவின் வேலை முடிந்துவிடவில்லை. தோற்றுப்போன பிள்ளைக்கு அப்பா வேண்டும்; ஜெயித்தவனோடு பேச ஊரே இருக்கிறது.

இன்று ராத்திரியே இருவரும் மாடி ஏறுங்கள். ‘சாகணும்னு தோணுதா கண்ணு?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. பல பேருக்கு அப்போதுதான் பாரம் இறங்குகிறது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். பாலக்காடோ பொள்ளாச்சியோ, சீக்கிரம் போகமுடிகிற இடத்தில் மனநல மருத்துவரிடம் உடனே அழைத்துப் போங்கள். தோப்புக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால், அவனிடம் பேசுவதற்கு முன்பே அப்புறப்படுத்திவிடுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. 2022-லிருந்து 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் திசா என்ற அரசு உதவி எண் 1056-ம் உண்டு. அவன் பேச மறுத்தால் நீங்களே கூப்பிட்டு, பெற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

மகளிர் குழுக் கூட்டத்தில் பேச வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுங்கள். தொண்டராகச் சேர்வதை அப்புறம் பேசுவோம். முதலில் மகன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.