வாசகர் கேள்வி – பதில்: பொதுச் சாடியில் மது வேண்டாம்

கேள்வி: சித்திரை விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளுமாக இருபது பேர் எங்கள் பெரிய வீட்டுக்கு வருகிறார்கள். ஒரு நாள் மாலை எல்லோரும் கூடும்போது வோட்கா கலந்த எலுமிச்சைச் சாறு வேண்டும் என்று மூத்த மகன் கேட்கிறான். குழந்தைகளும் என் மாமியாரும் அங்கேதான் இருப்பார்கள். எவ்வளவு செய்வது, எப்படிச் செய்வது? – ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: தயங்காமல் கேட்டீர்களே, ஆச்சி, அதற்கு நன்றி. மறைத்துச் செய்யும் வீடுகளில்தான் இந்தக் காரியத்தில் அளவு தவறுகிறது. முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெரிய சாடியில் இருக்க வேண்டியது வெறும் எலுமிச்சைச் சாறு மட்டுமே. மதுவைக் கேட்டு வாங்குகிறவருடைய கிளாஸில், அவர் கண் முன்னே, அளந்து ஊற்ற வேண்டும். புளிப்பும் இனிப்பும் குளிர்ச்சியும் ஒன்று சேர்ந்தால் மதுவின் காரம் நாக்குக்குத் தெரியாமல் போய்விடும். வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஓடி விளையாடிவிட்டுத் தாகத்தோடு வரும் பத்து வயதுப் பிள்ளை சாடியிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தால், பாதி இறங்கும்வரை அதற்கே ஒன்றும் தெரியாது. உங்கள் மாமியாருக்கும் அப்படித்தான். பெரியவர்களிலும்கூட, பொதுவில் கலந்ததைக் குடிப்பவர் தாம் எவ்வளவு குடித்தோம் என்று கணக்குச் சொல்ல முடியாது.

இனிச் செய்முறை. இருபது பேருக்கு ஆளுக்கு இரண்டு கிளாஸ், கிளாஸுக்கு 200 மில்லி என்று வைத்துக்கொண்டால் நாற்பது கிளாஸ் ஆகும். ஒரு கிளாஸுக்கு இருபது மில்லிக்குச் சற்றுக் கூடுதலான சாறு தேவை. நம் ஊர் நாட்டு எலுமிச்சை நடுத்தரப் பழமாக இருந்தால் 15 முதல் 20 மில்லி வரை சாறு தரும் என்பதால், ஐம்பதிலிருந்து அறுபது பழம் வாங்குங்கள். பழம் மஞ்சளாகவும், தோல் மெல்லியதாகவும், கையில் எடுத்தால் கனமாகவும் இருக்க வேண்டும். ஒரு கிலோ சீனியை 600 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் ஏறக்குறைய 1.2 லிட்டர் பாகு கிடைக்கும். இது நாற்பது கிளாஸுக்கும் கிளாஸுக்கு 30 மில்லி வீதம் சரியாக வரும். ஐந்து லிட்டர் குடிநீர், இரண்டு சிட்டிகை உப்பு, மீதி இடத்துக்குப் பனிக்கட்டி.

இதில் நான் மிகவும் வற்புறுத்துவது பிழியும் பக்குவத்தைத்தான். பழத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிழியாமல், சற்று நேரம் வெளியே வைத்து, உள்ளங்கையால் அழுத்தி உருட்டிய பிறகு குறுக்கே வெட்டுங்கள். கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிந்தால் வெள்ளைத் தோலிலும் விதையிலும் உள்ள கசப்பும் சாற்றோடு இறங்கிவிடும். ஒரு பழம் கூடுதலாக வாங்குவது அதைவிட மேல். காலையில் பிழிந்து வைத்த சாறு மாலைக்குள் மணம் மங்கிக் கசக்கத் தொடங்கும் என்பதால் பிற்பகல் நான்கு மணிக்குமேல் பிழிந்து, உடனே வடிகட்டிப் பாகோடு சேர்த்துக் குளிரில் வைத்துவிடுங்கள். மணம் தூக்கலாக வேண்டுமென்றால், பிழிவதற்கு முன் ஐந்தாறு பழத்தின் மேல்தோலை மட்டும், வெள்ளைப் பகுதி சேராமல், மெல்லச் சீவி இரண்டு கைப்பிடிச் சீனியில் பிசறி ஒரு மணி நேரம் மூடி வைத்துப் பாருங்கள். தோலின் எண்ணெய் சீனியில் இறங்கி ஊறியிருக்கும். ஆறிய பாகில் அதைக் கரைத்து வடித்துவிட்டால், சாறு மட்டும் ஒருநாளும் தராத வாசனை வரும். அந்தச் சீனியையும் ஒரு கிலோவுக்குள்ளேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சோடா ஊற்றுவதாக இருந்தால் சாடியில் ஊற்றாமல் கிளாஸில் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் காற்றெல்லாம் போய்விடும்.

மதுவின் கணக்குக்கு வருகிறேன். நம் நாட்டில் விற்கும் வோட்கா, ரம், பிராந்தி போன்றவற்றில் பொதுவாக 42.8 விழுக்காடு ஆல்கஹால் இருக்கும். அதில் 30 மில்லி, அதாவது ஒரு 'ஸ்மால்', சுமார் 10 கிராம் தூய ஆல்கஹாலுக்குச் சமம். 200 மில்லி கிளாஸில் அதைக் கலந்தால் ஆறு விழுக்காட்டுக்குச் சற்று மேலான பானம் கிடைக்கும். பீர் அளவுதான் என்றாலும் பீரின் கசப்பு இதில் இல்லாததால் வேகமாக இறங்கும். 750 மில்லி 'ஃபுல்' பாட்டில் ஒன்று 25 கிளாஸுக்கு வரும். உங்கள் இருபது பேரில் குடிப்பவர்கள் பன்னிரண்டு பேர் என்றால், ஆளுக்கு இரண்டு வீதம் 24 கிளாஸ். ஆக, ஒரே ஒரு பாட்டில் போதும். இரண்டாவது பாட்டில் வீட்டுக்குள் வரவே வேண்டாம் என்பது என் கருத்து. மருந்துக்கடையில் கிடைக்கும் 30 மில்லி அளவுக் குப்பி ஒன்றைப் பாட்டிலோடு வைத்து, ஊற்றும் பொறுப்பைக் குடிக்காத ஒருவரிடம் ஒப்படையுங்கள். சாற்றின் மணம் கெடாமல் இருக்க வோட்கா பொருந்தும். வெள்ளை ரம்மும் எலுமிச்சைக்கு நன்றாக இணங்கும். பிராந்தியை ஊற்றினால் எலுமிச்சை அடங்கிப்போகும்.

சூரியன் இறங்கிய பிறகு தொடங்குங்கள். வெயிலில் வேர்த்து நீர் குறைந்த உடலில் மது மேலும் சிறுநீரைப் பெருக்கி வறட்சியைக் கூட்டும். ஒவ்வொரு கலந்த கிளாஸுக்கும் அடுத்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுங்கள். வெறும் வயிறும் ஆகாது. மசாலா சீயமோ வெள்ளைப் பணியாரமோ முதலில் வயிற்றில் இறங்கட்டும். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது விதி. கல்லூரியில் படிக்கும் பேரன்களுக்கு உங்கள் வீட்டிலும் அதுவே எல்லையாக இருக்கட்டும். கடைசியாக ஒன்று: பங்காளிகள் எல்லோருக்கும் பாத்தியதையுள்ள வீடாக இருந்து உள்ளே சாமி அறையும் இருந்தால், மூத்தவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் பாட்டன் காலத்துப் பித்தளை அண்டாவும், பூப்போட்ட மங்குச் (எனாமல் பூசிய) சட்டிகளும், பெரிய பீங்கான் சாடிகளும் இருக்கின்றன. விருந்தில் எலுமிச்சைச் சாற்றை அவற்றில் வைத்தால் அழகாக இருக்குமே? – ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றில் வைக்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் பித்தளையிலிருந்தும் செம்பிலிருந்தும் உலோகத்தை அரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதைக் குடித்தால் குமட்டலும் வயிற்றுவலியும் வரும். ஈயம் பூசியிருந்தாலும், பூச்சு தேய்ந்த இடம் கண்ணுக்கு எளிதில் தெரியாது. பழைய மங்குச் சாமான்களின் வண்ணப் பூச்சிலும் பழைய பீங்கானின் மெருகிலும் காரீயம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். புளிப்பான பானம் மணிக்கணக்கில் நின்றால் அவை அதில் கரையும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடையில் ஆசையாக வாங்கி வந்த சாடிக்கும் இது பொருந்தும். அவற்றில் பூவும் மாவிலையும் வைத்து மேசையை அலங்கரியுங்கள். சாறு கண்ணாடிச் சாடியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்கள் தளம் ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால், பரிமாறும் இடத்தில் பாய் விரித்து அதன்மேல் மேசையைப் போடுங்கள். அந்தக் கல் சிமெண்டால் ஆனது. எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே காய்ந்தால் மெருகு போய் வெளிறிய தழும்பு விழும். தலைமுறைகளாகக் கால் பட்டுப் பட்டு ஏறிய அந்தப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

கேள்வி: கடைப் பனிக்கட்டி சுத்தமாக இல்லாவிட்டாலும், மது கலப்பதால் கிருமி செத்துவிடும் என்கிறாரே என் அம்மான்? – ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: சாகாது. கிருமியைக் கொல்லும் கைகழுவும் திரவத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறது. உங்கள் கிளாஸில் இருப்பது ஆறு விழுக்காடு. பொருள்களைக் குளிர்விக்க மட்டும் பயன்படும் பனிக்கட்டியில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி என்றாலும், நிறமில்லாத கட்டியெல்லாம் குடிநீரில் செய்தது என்று நம்பிவிட வேண்டாம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை இரண்டு நாள் முன்பிருந்தே வீட்டுக் குளிர்பெட்டியில் உறையவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய கட்டியைச் சாடியைச் சுற்றி வெளியே அடுக்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 58. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பிள்ளைகள் வற்புறுத்தினால் ஒரு கிளாஸ் குடிக்கலாமா? – ஒரு வாசகர், கோட்டையூர்

பதில்: உங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு கிளாஸில் 25 கிராம் சீனி இருக்கிறது என்பது ஒரு பக்கம். அதைவிடக் கவலையானது இன்னொன்று: கல்லீரல் மதுவைக் கரைப்பதில் ஈடுபட்டிருக்கும்போது இரத்தத்துக்குச் சர்க்கரை வழங்கும் வேலையில் பின்தங்கிவிடும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு அதனால் நள்ளிரவிலோ மறுநாள் காலையிலோகூடச் சர்க்கரை அபாயமாக இறங்கலாம். அப்போது வரும் தள்ளாட்டமும் குழறலும் போதையைப் போலவே இருப்பதால் வீட்டார் 'தூங்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் உயிருக்கு ஆபத்து. தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எடுப்பவர்களும் மதுவைத் தொடக்கூடாது. 2023இல் உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்துக்குக் கேடில்லாத மது அளவு என்று ஒன்று இல்லை என்றே கூறியது. பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பாகைக் குறைத்து உப்பும் இஞ்சியும் சேர்த்த சோடாச் சாறு உங்களுக்குப் பொருந்தும்.

கேள்வி: விருந்து முடிந்து காரைக்குடிக்குப் பத்து கிலோமீட்டர்தான் வண்டி ஓட்ட வேண்டும். இரண்டு கிளாஸ் குடித்தாலும், கடைசியில் மது கலக்காத எலுமிச்சைச் சாறு குடித்தால் தெளிந்துவிடும் அல்லவா? – ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தெளியாது. எலுமிச்சை போதையை முறிக்கும் என்பது நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. சாறும் மோரும் காப்பியும் தலைக்குத் தண்ணீரும் முகத்தைத் தெளிவாக்கலாமே தவிர, இரத்தத்தில் இருக்கும் மதுவைக் குறைப்பதில்லை. அதைக் குறைப்பது கல்லீரல் ஒன்றுதான். அதுவும் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஸ்மால் என்ற வேகத்தில்தான், அதை அவசரப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. சிறிய உடல்வாகு உள்ளவர் ஒரே கிளாஸில் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். இரண்டு கிளாஸை ஒரு மணி நேரத்துக்குள் குடித்தால் நடுத்தர உடல்வாகுள்ள ஆணும் தாண்டக்கூடும். முதல் தடவை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. பத்து கிலோமீட்டரில் மாடு குறுக்கே வரலாம், விளக்கில்லாத மாட்டுவண்டி வரலாம், இரவுச் சாமி ஊர்வலத்திலிருந்து திரும்பும் பிள்ளைகள் வரலாம். அன்றிரவு அந்த வீட்டு முகப்பிலேயே ஒரு பாய் கேட்டு வாங்கிப் படுத்துக்கொள்ளுங்கள். சாவியை இப்போதே வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டு முதல் கிளாஸை வாங்குங்கள்.