தென்னாப்பிரிக்காவில் கரும்பு நிலத்து மண் அரிப்பைத் தடுக்க நகராட்சியின் உதவியைப் பெறுவது எப்படி?

கேள்வி நீளமாக இருந்ததால் சுருக்கிக்கொள்கிறேன். குவாசூலு-நட்டால் மாகாணத்தின் தெற்குக் கடற்கரைப் பகுதி. தாத்தா காலத்தில் வாங்கிய சரிவான கரும்பு நிலம். நடுவில் விழுந்த பள்ளம் மழைக்கு மழை மேட்டை நோக்கி ஏறுகிறது. நகராட்சி அலுவலகத்தில் "மண் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு அல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் படித்து, இந்த மாகாணத்தில் மண், நீர்ப் பாதுகாப்பு வேலை பார்க்கிறவன். அந்த அலுவலர் உங்களைத் தட்டிக்கழிக்கப் பார்த்திருக்கலாம். ஆனால் சொன்னது பொய்யில்லை. 1996 அரசியலமைப்பின் நான்காம் அட்டவணை, முதல் பகுதியிலேயே மண் பாதுகாப்பை மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் பொதுவான பொறுப்பாக வைத்திருக்கிறது. நகராட்சியின் பட்டியலில் அது இல்லை. அங்கே உங்களுக்குத் தொடர்புடையவை குடியிருப்புப் பகுதியின் மழைநீர் வடிகாலும் நகராட்சிச் சாலைகளும்தான்.

உங்களுக்கு அவ்வளவு போதும். இந்தக் கடலோரக் குன்றுகளில் நான் பார்த்த பெரிய பள்ளங்களில் பாதிக்கு மேல், மேலே போகும் ஒரு சரளைச் சாலையின் கல்வெர்ட் (சாலைக்கு அடியில் நீர் கடக்கும் குழாய்) வாயில்தான் தொடங்குகின்றன. "என் நிலத்து மண்ணைக் காப்பாற்றுங்கள்" என்று மனு கொடுத்தால் அது வேளாண் துறைக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். "உங்கள் சாலையில் சேரும் மழைநீர் முழுவதும் ஒரே குழாய் வழியாக என் நிலத்தில் விழுகிறது" என்று எழுதிப் படத்துடன் கொடுங்கள். இரண்டாவது மனுவுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதற்கு முன், அது உண்மைதானா என்று நீங்களே பார்த்துவிட வேண்டும்.

நல்ல மழை பெய்யும்போது ஒரு குடையோடு பள்ளத்தின் தலையிலிருந்து மேட்டை நோக்கி நடந்து பாருங்கள். வெயில் நாளில் போனால் ஒன்றும் தெரியாது. சரளைச் சாலையின் ஓரமாக ஓடும் நீரைச் சிறிது தூரத்துக்கு ஒருமுறை பக்கவாட்டில் புல்வெளிக்குப் பிரித்துவிடச் சிறு கிளைக்கால்கள் வெட்டியிருப்பார்கள். கிரேடர் இயந்திரம் சாலையைச் சமன்படுத்திக்கொண்டு போகும்போது ஓரத்தில் ஒரு முழ உயரத்துக்கு மண் வரம்பு ஒன்றை விட்டுவிட்டுப் போகும். அந்த வரம்பு கிளைக்கால்களின் வாயை அடைத்துவிடும். பிறகு குன்றின் உச்சியிலிருந்து வரும் நீர் எங்கும் பிரியாமல் சாலையோடு சாலையாக ஓடி, அடிவாரத்துக் குழாயில் மொத்தமாகக் கொட்டும். உம்சிந்தோ பக்கம் கரும்பு போடும் ஒரு பெரியவர், நாங்கள் எல்லோரும் அங்கிள் என்று அழைப்பவர், சொல்வார்: "தம்பி, மழை வந்தால்கூடப் பயமில்லை, கிரேடர் வந்தால்தான் பயம்." இரண்டு ஆட்கள் மண்வெட்டியோடு ஒரு காலைப் பொழுதில் அந்த வாய்களைத் திறந்துவிட முடியும். எந்த ஒப்பந்தக்காரரின் வேலைப் பட்டியலிலும் அது இருப்பதில்லை என்பதுதான் கொடுமை.

சாலை யாருடையது என்பதையும் பாருங்கள். கிராமத்துச் சரளைச் சாலை என்றாலே நகராட்சியுடையது என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த மாகாணத்தில் சாலையோரப் பலகையில் பீ, டி, எல் என்ற எழுத்துகளில் ஒன்றும் அதன்பின் ஓர் எண்ணும் இருந்தால், அது மாகாணப் போக்குவரத்துத் துறையின் சாலை. நகராட்சியோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் சாலை வேறு துறையுடையது என்று அறிந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு. அப்படியானால் அதே மனுவை அந்தத் துறையின் வட்டார அலுவலகத்துக்குக் கொடுத்து, நகல் ஒன்றை நகராட்சிக்கும் கொடுங்கள்.

அடுத்து, தனியாகப் போகாதீர்கள். நம் விவசாயச் சங்கங்களைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. கோயில் திருவிழாவுக்கும் ஆடிக் கூழ் ஊற்றுவதற்கும் ஊரையே திரட்டுகிறவர்கள், நகராட்சிக்கு மட்டும் நான்கு பேராக, நான்கும் தமிழ் முகமாகப் போய் நிற்பார்கள். உங்கள் நிலத்துக்கு மேலே குன்றில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் சூலு குடும்பங்கள்; நிலம், சூலு மன்னரை அறங்காவலராகக் கொண்ட இங்கோன்யாமா அறக்கட்டளையின் பேரில் இருக்கும். அங்கே இந்துனாவிடம், அதாவது அந்தப் பகுதித் தலைவரிடம், சொல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. அதே கல்வெர்ட் நீர் உங்கள் கரும்பை அறுப்பதற்கு முன் அவர்களுடைய நடைபாதையையும் மாட்டுத் தொழுவத்தையும் அறுத்துக்கொண்டுதான் வருகிறது. வார்டு கூட்டத்தில் அவர்கள் எழுந்து பேசினால் கவுன்சிலர் குறிப்பெடுப்பார். உங்கள் வார்த்தைக்கும் அப்போதுதான் எடை வரும்.

அங்கே பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சம உயர வரப்பு, மேய்ச்சல் கட்டுப்பாடு என்றதும் வயதானவர்கள் முகம் சுருங்கினால் அது அறியாமை அல்ல. 1930-களின் இறுதியிலிருந்து 'மேம்பாட்டுத் திட்டம்' என்ற பெயரில், மண்ணைக் காப்பதாகச் சொல்லித்தான் வெள்ளை அரசு கறுப்பின மக்களின் வீடுகளை இடம் மாற்றியது, மாடுகளின் எண்ணிக்கையைக் கட்டாயமாகக் குறைத்தது. அளவுகோலும் கொடியும் பிடித்து வருகிறவர்களை அந்தத் தலைமுறை எளிதில் நம்பாது. எனவே முதல் நாளே வரைபடத்தை விரிக்காதீர்கள். அவர்களுடைய ஊற்று வற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். மேலே ஓடைக்கரையில் கறுப்பு வாட்டில் மரம் (நீலகிரியில் சீகை என்பார்கள்) அடர்ந்திருந்தால் பேச்சு அங்கிருந்தே தொடங்கும். 1995 முதல் நடக்கும் 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' திட்டம் இந்த அந்நிய மரங்களை வெட்டி நீரைக் காக்கவும் அதன் வழியாகக் கூலி வேலை தரவும் வந்ததுதான். ஆனால் பள்ளத்தின் கரையில் நிற்கும் மரங்களை ஒரேயடியாக வேரோடு பிடுங்க விடாதீர்கள். அடிக்கட்டையை விட்டுவைத்து, புல் பிடித்த பிறகு மீதியைப் பார்க்கலாம்.

காலமும் முக்கியம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. வரைவு பட்ஜெட்டை மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் வைத்துவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்துக் கேட்பார்கள். அந்த நேரத்தில் போய்ப் புதிதாகக் கேட்டால் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்பார்கள். முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே வார்டு கமிட்டி வழியாக உங்கள் கல்வெர்ட் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்தில் ஒரு வரியாக ஏறியிருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியும் போட்டாக வேண்டிய திட்டம் அது. ஆண்டுதோறும் மறுபரிசீலனை உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மழைநீர் வடிகால் என்ற பேச்சுக்குக் கூட்டங்களில் முன்பைவிடக் காதுகொடுக்கிறார்கள்.

பணம் இல்லை என்றால், 2004-இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட பொதுப்பணித் திட்டத்தை நினைவூட்டுங்கள். கல் அடுக்குவதும் கம்பிவலைக் கூடைகளில் கல் நிரப்புவதும் கையால் செய்கிற வேலை; செலவில் பெரும்பங்கு உள்ளூர்க் கூலியாகவே போகும். எத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம் என்று கணக்குக் காட்டவேண்டிய நகராட்சிக்கு இது தோதான வேலை.

கல் வேலைக்கு முன் ஒரு சின்னச் சோதனை. பள்ளத்தின் சுவரிலிருந்து சுண்டைக்காய் அளவு உலர்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து, மழைநீர் நிரம்பிய கண்ணாடித் தம்ளரில் மெல்லப் போடுங்கள். குலுக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரும் கூடாது. அதிலுள்ள உப்புகள் முடிவை மாற்றிவிடும். கட்டி உதிர்ந்து அடியில் குவிந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் மூட்டம் எழுந்து, மணிக்கணக்கில் படியாமல் நின்றால், அது நீரில் கரைந்து பிரியும் களிமண். அந்த மண்ணில் வெறும் கல்லடுக்கு நிற்காது. நீர் கல்லைத் தொடாமல் பின்பக்கத்து மண்ணைக் கரைத்து, பக்கவாட்டில் வழி செய்துகொண்டு போய்விடும். மழைக்காலம் முடியும்போது கற்கூடை பள்ளத்தின் நடுவே தனியாக நிற்கும். கூடைக்குப் பின்னால் வடிகட்டும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். இட்டு நிரப்பும் மண்ணில் ஜிப்சம் கலக்க வேண்டும். இரு கரைகளுக்குள்ளும் தடுப்பை ஆழமாகச் செருக வேண்டும். தடுப்புகளுக்கு இடையிலான தூரத்துக்குக் கணக்கு எளிது: கீழ்த் தடுப்பின் தலைமட்டம், மேல் தடுப்பின் அடிமட்டத்துக்கு நேராக இருக்கவேண்டும். பெரிதாக ஒன்று கட்டுவதைவிடச் சிறியதாகப் பல கட்டுவது எப்போதும் நல்லது. பள்ளம் ஓடையாகவே மாறியிருந்தால், 1998 தேசிய நீர்ச் சட்டப்படி அதன் படுகையையோ கரையையோ மாற்ற முன் அனுமதி வேண்டும். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று இறங்கிவிடாதீர்கள்.

இனி உங்கள் பக்கத்துக் கடமை. நகராட்சிப் பொறியாளர் நேரில் வந்தால் முதலில் கேட்கப்போவது இதைத்தான். 1983 வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளின்படி, 20 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள நிலத்தை எழுத்துமூல அனுமதி இல்லாமல் உழக்கூடாது. ஒப்பந்தக் கூலியாக 1860 முதல் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை பல இடங்களில் செங்குத்தான துண்டுகள்தாம். அந்த வரலாறு சட்டத்துக்குத் தெரியாது. மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1925 முதல் இயங்கும் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் விரிவாக்க அலுவலரைக் கூப்பிட்டு, சரிவையும் மண் வகையையும் வைத்து ஒரு நிலப்பயன்பாட்டுத் திட்டம் போடச் சொல்லுங்கள். பள்ளத்தை ஒட்டிய வரிசைகளிலாவது தோகையை எரிக்காமல் பச்சையாக வெட்டி மூடாக்காக விடுங்கள். வெட்டுக்கூலி கூடும், உண்மைதான்.

வெட்டிவேர் நடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக நடலாம். பயன்படுத்தும் ரகம் விதையால் பரவாது. வேர் மூன்று மீட்டர் வரை இறங்கும். கரும்புக்கு வைக்கும் தீயிலும் பிழைத்துக்கொள்ளும். நிழல் மட்டும் ஆகாது, ஆகவே கரும்பு வரிசையிலிருந்து தள்ளி வையுங்கள். அக்டோபர் மழை பிடித்ததும் இரண்டு மூன்று சிம்புகளாகப் பிரித்து, அரை அடிக்கும் குறைவான இடைவெளியில், சம உயரக் கோட்டில் பள்ளத்தின் தலைக்கு மேலே நடுங்கள். இடைவெளி விட்டால் நீர் அந்த இடத்தைத்தான் பிடிக்கும். முதல் பருவத்தில் பட்டுப்போன இடங்களில் மறுநடவு செய்தே ஆகவேண்டும். பிறகு ஆண்டுக்கு ஓரிரு முறை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால் தூர் கட்டும். வெட்டிய புல்லை மாட்டுக்குப் போடலாம், அல்லது அங்கேயே பரப்பிவிடலாம்.