வாசகர் கேள்வி பதில்: தண்டையார்பேட்டைக்குக் குடி போகலாமா?

கேள்வி: அக்கா, மந்தைவெளியில் பதினோரு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். நான், எட்டாவது படிக்கும் மகள், எழுபது வயது அம்மா, மூன்று பேர்தான். 18,000 ரூபாயாக இருந்த வாடகையை 24,000 ஆக்கப் போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். என் சம்பளத்துக்கு அது முடியவே முடியாது. எனக்குத் தேனாம்பேட்டையில் அக்கவுண்ட்ஸ் வேலை, மாதக் கடைசியில் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். வடசென்னைப் பக்கம், தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு 13,500 ரூபாய்க்கும், வியாசர்பாடியில் தரைத்தளத்தில் ஒரு வீடு 10,000 ரூபாய்க்கும் பார்த்து வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் 'வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு அந்தப் பக்கமா போறே?' என்கிறார்கள். ஒரு ஏரியா பாதுகாப்பா இல்லையா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?
– மந்தைவெளி வாசகி

பதில்: அன்பு சகோதரிக்கு, நான் கல்யாணமான புதிதில் ஏழு வருடம் தண்டையார்பேட்டையில் குடியிருந்தவள், அதனால் 'அந்தப் பக்கம்' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு வலிக்கும். உங்கள் சொந்தக்காரர்கள் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: கடைசியாக எப்போது தண்டையார்பேட்டைக்குப் போனீர்கள்? பெரும்பாலும் ஒரு கல்யாணத்துக்கு, பத்து வருடத்துக்கு முன்னால் என்று பதில் வரும். மற்றதெல்லாம் செய்தியிலும் சினிமாவிலும் பார்த்தது.

செய்தி பொய் என்று சொல்ல வரவில்லை. 2024 ஜூலை 5ஆம் தேதி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்கள், ஊரே நடுங்கிய சம்பவம் அது. ஆனால் அந்த மாதிரி கொலைகள் ஓர் ஆளைக் குறி வைத்து, பழைய பகையை வைத்து நடப்பவை. ஒன்பதரை மணிக்குக் கைப்பையோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு வரக்கூடிய ஆபத்து வேறு. அது செயின் பறிப்பு, பின்தொடர்ந்து வருவது, இருட்டில் வண்டி இடிப்பது, இந்த மாதிரி. 2025 மார்ச் 25ஆம் தேதி காலையில் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துப் பல பெண்களிடம் செயின் பறித்தார்களே, நினைவிருக்கிறதா? அதெல்லாம் நடந்தது தென்சென்னையில், சைதாப்பேட்டை, அடையாறு, கிண்டி பக்கம். பறித்தவர்கள் வெளிமாநிலத்து ஆட்கள், அவர்களில் இரண்டு பேர் விமான நிலையத்திலேயே பிடிபட்டார்கள். அதனால் அடையாறில் யாரும் வீட்டைக் காலி செய்யவில்லை.

ஏரியா என்பது ரொம்பப் பெரிய சொல். தண்டையார்பேட்டை முழுவதிலும் நீங்கள் குடியிருக்கப் போவதில்லை. ரயிலை விட்டு இறங்குகிற இடத்திலிருந்து உங்கள் வாசப்படி வரைக்கும் உள்ள பத்து நிமிட நடை, அவ்வளவுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. தேனாம்பேட்டையில் ஏறினால் மாறாமல் தண்டையார்பேட்டையில் இறங்கலாம், ஒரே மெட்ரோ பாதை, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் நீட்டினார்கள். நான் இருந்த காலத்தில் அது இல்லை, பஸ்ஸுக்கு நின்று நின்றே பாதி உயிர் போகும். அதனால் ஒருநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே போங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால். பகல் பதினொரு மணிக்கு புரோக்கரோடு போய்ப் பார்த்தது கணக்கிலேயே சேராது, அந்த நேரத்தில் எந்தத் தெருவும் நல்ல தெருதான்.

போகிற நேரம் முக்கியம். டாஸ்மாக் இரவு பத்து மணிக்கு மூடுகிறது, அதனால் ஒன்பதே முக்காலிலிருந்து பத்தரைக்குள் அந்த வழியில் யார் நிற்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஒருமுறை வார நாளில், ஒருமுறை சனிக்கிழமை. கடை எங்கேயோ இருந்துவிட்டுப் போகட்டும், அது உங்கள் வழியில் இருக்கிறதா, வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து குடிக்கிற மூலை உங்கள் தெருவில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். அப்புறம், அந்த நேரத்தில் எத்தனை வாசலில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இட்லிக் கடை, மெடிக்கல், இஸ்திரி வண்டி, பெட்டிக்கடை, எது எத்தனை மணி வரை திறந்திருக்கிறது? வடசென்னையில் வீடுகள் சின்னவை, காற்றுக்காக எல்லாரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள், பத்து மணி வரை தெரு விழித்திருக்கும். தெருவில் ஆள் இல்லாமல் இரண்டு பக்கமும் நீளமாக குடோன் சுவர் போகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும், அங்கே விளக்கு எரிந்தால்கூட.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் தெரு முனையில் சாயந்திரம் ஆப்பம் சுடும் ஓர் அம்மா இருந்தார். எனக்கு ஏழாவது மாதம், மழையில் நேரமாகி பத்து மணிக்குத் தனியாக வந்தேன். 'இந்த நேரத்துல வயித்தப் புள்ளையோட தனியா வர்றியேம்மா' என்று திட்டிவிட்டு, அடுப்பை மருமகளிடம் விட்டுவிட்டு வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். பிறகு நாங்கள் தென்சென்னையில் பெயர் பெற்ற ஓர் ஏரியாவுக்கு மாறினோம், மரம், அமைதி, உயரமான காம்பவுண்டு. ஒருநாள் இரவு பைக்கில் ஒருவன் மெதுவாகப் பின்னாலேயே வர, நான் சத்தம் போட்டேன், ஒரு கதவும் திறக்கவில்லை. அந்தத் தெருவில் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஏசி ஓடுகிற வீட்டுக்குள் தெருச் சத்தம் கேட்காது, அவ்வளவுதான்.

விசாரிக்கும்போது 'இந்த ஏரியா சேஃப்பா?' என்று கேட்காதீர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும், 'ஏன், எங்களுக்கு என்ன?' என்றுதான் சொல்வார்கள், பதிலும் கிடைக்காது. 'உங்க பொண்ணு டியூஷன் முடிச்சு எத்தனை மணிக்கு வருவா? தனியா வருவாளா, நீங்க போய்க் கூட்டிட்டு வருவீங்களா?' என்று கேளுங்கள். எந்தச் சந்து வழியாக வருவாள், எதைச் சுற்றிக்கொண்டு போவாள் என்பதுவரை சொல்லிவிடுவார்கள். அந்தச் சுற்றிப் போகிற இடம்தான் உங்களுக்கு வேண்டிய தகவல். இஸ்திரி போடுபவர், ஆட்டோ ஸ்டாண்டு, முடிந்தால் அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள், இவர்களிடமும் பேசுங்கள். மாலையில் ஒரே மூலையில் அதே இளைஞர்கள், அந்த மூலை வந்ததும் தெருப் பெண்கள் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறார்கள், கஞ்சா விற்பதாகக் காதில் விழுகிறது என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தத் தெரு வேண்டாம். உங்களுக்குப் பையன் இருந்திருந்தால் இதை இன்னும் அழுத்தியே சொல்வேன்.

தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் காவல் நிலையம் வாரியாக எஃப்ஐஆர் பார்க்கலாம், 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டதிலிருந்து நாடு முழுக்க இந்த வசதி உண்டு. பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பாலியல் குற்ற வழக்குகளை அதில் ஏற்ற மாட்டார்கள். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதுவே அந்தப் பட்டியலில் இருக்காது.

சொந்தக்காரர்கள் சொல்லாத இரண்டு ஆபத்துகளை நான் சொல்கிறேன். ஒன்று லாரி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அந்தப் பக்கத்துப் பெரிய சாலைகளில் ராத்திரி பகல் ஓடும். மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிற மாதிரி இருந்தால் எந்தச் சாலையைக் கடக்கிறாள் என்று நீங்களே கூட நடந்து பாருங்கள். எனக்கு ரௌடிகளைவிட அந்த லாரிகள்தான் பயம்.

இன்னொன்று தண்ணீர். வியாசர்பாடி வீடு தரைத்தளம் என்கிறீர்கள். அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, சாயந்திரம் பையன்கள் ஃபுட்பால் ஆட, தெருவே கூடி நின்று பார்க்கிற ஊர் அது. ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, பட்டாளம் எல்லாம் தண்ணீரில் நின்றன. பெருமழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி வழியும், மூடிவிடுவார்கள். எழுபது வயது அம்மாவை வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் எங்கே போவீர்கள்? வீட்டுக்காரரிடம் கேட்டால் 'இங்கெல்லாம் தண்ணி வராதும்மா' என்பார். பக்கத்து வீட்டில் கேளுங்கள், சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கிறதா, ஈபி மீட்டரை எவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், வாசலில் எத்தனை படி புதிதாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மீட்டர் தலைக்கு மேலே இருந்தால் யாரோ ஏற்கெனவே பட்டிருக்கிறார்கள். மாதம் 3,500 மிச்சம் என்பது ஒரே மழையில் ஃபிரிட்ஜோடும் மெத்தையோடும் போய்விடும்.

அம்மாவுக்கு வீசிங் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இன்னும் 2,000 குறைகிறதே என்று வடக்கே மணலி, எண்ணூர் வரைக்கும் போய்விடாதீர்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மூச்சு முட்டி, மக்கள் நடுராத்திரியில் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

என் முடிவு: தண்டையார்பேட்டை வீடு, அந்தப் பத்து நிமிட நடை சரியாக இருந்தால். மாடி என்பதால் தண்ணீருக்குப் பயமில்லை. அம்மாவால் இரண்டு மாடி ஏற முடியுமா என்பதை மட்டும் ஒருநாள் கூட்டிப் போய் ஏற்றிப் பாருங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். எந்த இடத்தில் அவள் கையை இறுக்கிப் பிடிக்கிறாள் என்று கவனியுங்கள், வாயால் சொல்ல மாட்டாள்.

கேள்வி: எனக்கு 24 வயது, திருநெல்வேலிப் பக்கம். ஓஎம்ஆரில் ஷிஃப்ட் வேலை, முடிய அதிகாலை இரண்டு மணி. வாடகை குறைவு என்று பெரும்பாக்கத்தில் நண்பர்களோடு ரூம் எடுக்கலாமா? போன் பறிக்கிறார்கள் என்று பயமுறுத்துகிறார்கள்.
– சென்னை வாசகர்

பதில்: தம்பி, எடுக்கலாம். ஆனால் கேப் உங்களை மெயின் ரோட்டில் இறக்கிவிடுமா, வாசலில் விடுமா என்று முதலில் கம்பெனியில் கேளுங்கள். பெரும்பாக்கத்தில் பல தெருக்களில் பாதி மனை காலியாகத்தான் இருக்கும், இரண்டு மணிக்கு அங்கே உதவிக்கு ஆள் கிடையாது. வாசல் வரை கேப் வரும் என்றால் பாதிப் பயம் போய்விட்டது. நடக்கத்தான் வேண்டும் என்றால் போனை உள் பாக்கெட்டில் போடுங்கள், காதில் ஒன்றும் மாட்ட வேண்டாம். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணை ஊரில் அப்பாவிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். பறிபோனால் போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கி, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்தப் போனை முடக்கிவிடலாம். அந்த நேரத்தில் திருடனைவிட நாய்தான் அதிகம் வரும், ஓடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், காசு கிடையாது. வெளி கேட்டுக்கு உங்களுக்கு ஒரு தனிச் சாவி வேண்டும் என்று ரூம் பேசும்போதே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பல்லாவரம் பக்கம் குடி வந்து இரண்டு மாதம். எதிரே காலி மனையில் தினமும் குடிக்கிறார்கள், மகள்கள் பால்கனிக்கே வருவதில்லை. காலி செய்கிறோம் என்றால், 11 மாத அக்ரிமென்ட், அட்வான்ஸைத் திருப்பித் தர முடியாது என்கிறார் வீட்டுக்காரர்.
– பல்லாவரம் வாசகி

பதில்: காலி செய்வதற்கு முன்னால் ஒரு மாதம் முயன்று பாருங்கள். குடிக்க உட்காரும்போதெல்லாம் 112க்கு அழையுங்கள், சலிக்காமல். நீங்கள் ஒருவரே அழைத்தால் பகைதான் மிஞ்சும், தெருவில் நாலு வீடு சேர்ந்து அழைத்தால் ரோந்து வண்டி வர ஆரம்பிக்கும். அதே நாலு வீடும் கையெழுத்துப் போட்டு, அந்த இடத்தில் விளக்கு வேண்டும், மனைக்குச் சொந்தக்காரர் வேலி போட வேண்டும் என்று தாம்பரம் மாநகராட்சியில் மனு கொடுங்கள். விளக்கு வந்தாலே பாதிப் பேர் இடம் மாறிவிடுவார்கள், எங்கள் தெருவில் அப்படித்தான் நடந்தது.

அட்வான்ஸ் விஷயத்தில், அக்ரிமென்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். நோட்டீஸ் காலம் ஒரு மாதமோ இரண்டு மாதமோ போட்டிருந்தால், அதன்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம், முழு அட்வான்ஸையும் வைத்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. உங்களுடையது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த வீட்டுக்குக் கையெழுத்துப் போடும்போது 'ஒரு மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம்' என்ற வரியைக் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். வாடகையில் 500 ரூபாய் கூடக் கேட்டாலும் சரி.