கதவைச் சாத்தினால் கூலி கூடுமா?

கேள்வி: சீன லைட்டரைத் தடுத்த மாதிரி வெளிநாட்டுச் சரக்கு எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் நம் ஊர்த் தொழிலாளிக்குக் கூலி கூடிவிடாதா? தடையற்ற வணிகம் பேசுகிறவர்கள் எல்லாம் பணக்காரர்களின் ஆட்கள்தானே?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: அண்ணாச்சி, கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! ஒரு காலத்தில் இங்கே ஸ்வீடன் தீப்பெட்டிதான் விற்றது. 1922-ல் வெள்ளைக்கார அரசு, தன் கஜானாவுக்காக, ஒரு குரோஸுக்கு (144 பெட்டி) ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி போட்டது. 1928-ல் அதையே உள்நாட்டுத் தொழிலுக்கான பாதுகாப்பு வரி ஆக்கினார்கள். அந்த வரியின் தயவில்தான் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பட்டறைகள் நிமிர்ந்தன. (ஸ்வீடன்காரனும் சளைக்கவில்லை. வரிச்சுவருக்கு உள்ளேயே வந்து விம்கோ என்று ஆலை கட்டிக்கொண்டான்.)

தொழில் வந்தது, சரி. கூலி வந்ததா? மழை பொய்த்தால் வேறு பிழைப்பில்லாத கரிசல் பூமி. கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சியைச் சட்டத்தில் வரிசையாகச் செருக, எத்தனை கை வேண்டுமானாலும் கிடைத்தது. அப்புறம் எந்த முதலாளி கூட்டிக் கொடுப்பான்? விடியுமுன்னே கிராமத்துக்குப் பஸ் அனுப்பிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனதெல்லாம், வரி போட்டு ஐம்பது வருஷத்துக்கு அப்புறமும் நடந்த கதை. அந்தப் பிள்ளைகளின் கூலியை அமுக்கியது எந்த நாட்டுத் தீப்பெட்டி?

பீடியைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்து இலை, ஒடிசா இலை. சுற்றுவது முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் நம் பெண்கள். சீனாக்காரன் யாரும் பீடி சுற்றி அனுப்பிப் போட்டிக்கு வரவில்லை. ஆனாலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்திருப்பவளுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதிலும் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில் கழிவு என்று ஒரு பிடியைத் தள்ளிவிடுவார்கள். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் 20 சதவீதம் சுங்க வரி ஏற்றினார்களே, அதுவும் பாதுகாப்பு வரிதான். எண்ணெய் விலை ஏறினபோது அவள் கூலியின் மதிப்புத்தான் இறங்கியது.

லைட்டர் தடை தப்பு என்று நான் சொல்லவில்லை. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை 2023 ஜூனில் தடுத்தார்கள். உதிரிபாகமாகக் கொண்டுவந்து பூட்டி விற்றதும் 2024 அக்டோபரில் அதையும் தடுத்தார்கள். லைட்டர் வந்து தீப்பெட்டி தேங்கினால் முதலில் வேலைநாள் போகிறது அடுக்குகிறவளுக்குத்தான். ஆக, தடை வேலையைக் காப்பாற்றும். கூலியை ஏற்றுவது வேறு கணக்கு.

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம். முதலாளி வெள்ளைக்காரன், கலெக்டர் வெள்ளைக்காரன். எந்தச் சுங்க வரியும் உதவிக்கு வரவில்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நிற்க, ஒன்பது நாளில் கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கினார்கள். அடுத்த சில நாளில் வ.உ.சி. கைதாக, திருநெல்வேலியே பற்றி எரிந்தது உங்களுக்குத் தெரியும்.

பணக்காரர்களின் ஆட்கள் என்கிறீர்கள். தடையற்ற வணிகம் கேட்கிறவனிடம் பணம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். தடை கேட்டு டெல்லிக்கு விமானம் ஏறுகிறவர் என்ன, கட்டை அடுக்குகிறவரா? அடுத்த மனு போகும்போது, தடை கிடைத்தால் அடுக்குக் கூலியை எவ்வளவு கூட்டுவோம் என்று அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். எத்தனை கையெழுத்து விழுந்தது என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.